ஆளுக்கொரு திசையில் இருக்கும் அணி சேர்ந்து விளையாட எது தோது?

எங்கள் வாலிபால் அணியில் ஆறு பேர். பத்து வருடம் ஒரே மைதானத்தில் ஆடியவர்கள். வேலை, கல்யாணம், மேற்படிப்பு என்று ஆளுக்கொரு பக்கம் போய், இப்போது மூன்று நேர மண்டலங்களில் இருக்கிறோம். மிச்சம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு. ஒருநாள் அதில் ஒரு செய்தி வந்தது: "விஆர் ஹெட்செட் இருந்தா வீட்ல இருந்தே சேர்ந்து ஆடலாமாம்டா. ஆளுக்கு ஒண்ணு வாங்கிடலாமா?" உடனே நாலு கட்டைவிரல். ஐந்தாவது ஆள் மட்டும், "முதல்ல எவனாவது ஒருத்தன் ஆடிப் பாருங்கடா" என்றான். அந்த எவனாவது ஒருத்தன் நான்.

விஆர் ஹெட்செட் என்பது தலையில் மாட்டிக்கொண்டால் கண்முன் ஒரு மெய்நிகர் உலகத்தைக் காட்டும் பெட்டி. இரண்டு மாதம் இரவல் ஹெட்செட்டில் ஆடினேன். ஹெட்செட் தேவைப்படாத வழிகளையும் விசாரித்தேன்: டிவி அல்லது கணினித் திரையில் ஆடும் விளையாட்டுகள், இணையத்தோடு சேர்த்த சைக்கிள், அவரவர் இடத்தில் ஓடிவிட்டுத் தூரக் கணக்கை மட்டும் கூட்டிக்கொள்ளும் முறை. எது தோது என்பது அணிக்கு அணி மாறும். ஆனால் கருவி வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் விளையாட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பந்துக்குப் பாய்கிறீர்களா, அல்லது பந்து ஒருவரிடமிருந்து போய் இன்னொருவரிடமிருந்து திரும்பி வருகிறதா? எந்த மாடல், எத்தனை ஜிபி என்பதெல்லாம் அப்புறம்.

நடுவில் வலை இருக்கிறதா?

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 5,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நண்பனிடம் தகவல் போய்த் திரும்ப, கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலே 50 மில்லி நொடி ஆகிவிடும். நிஜத்தில் கேபிள் சுற்றி வளைத்துத்தான் போகும். வழியில் ரூட்டர்கள், சர்வர், வீட்டு வைஃபை எல்லாம் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆகமொத்தம் 100 மில்லி நொடி, அதற்கு மேலும் வரும். இணைப்பின் வேகத்தை இரண்டு மடங்காக்கினாலும் இந்தத் தூரம் குறையப்போவதில்லை.

கால்பந்தில் ஒருவர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு நொடியில் அவர் கடப்பது 70 சென்டிமீட்டர். நீங்கள் காலை நீட்டிப் பந்தைப் பறித்துவிட்டதாக நினைப்பீர்கள். அவருடைய ஹெட்செட்டில் பார்த்தால், அவர் உங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார். இரண்டு பேர் பார்த்ததும் நிஜம்தான். ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான சர்வர் இரண்டில் ஒன்றை இல்லையென்று ஆக்க வேண்டும். யார் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் மற்றவருக்கு எரிச்சல் வரும். கபடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அங்கே தொட்டாரா இல்லையா என்பதுதானே ஆட்டமே! 2023இல் சிங்கப்பூரில் நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தில் மெய்நிகர் டேக்வாண்டோ இடம்பெற்றது. உடம்பில் உணரிகளைக் கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தொடாமலே மோதினார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே பிரிவில் ஆட முடிந்தது அதனால்தான். ஆனால் அங்கே போட்டியாளர்கள் இருந்தது ஒரே அரங்கில், கண்டம் விட்டுக் கண்டம் அல்ல.

டேபிள் டென்னிஸில் இந்தச் சிக்கல் பெருமளவு மறைந்துபோகிறது. மேசையின் நீளம் 2.74 மீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்கவே கால் நொடிக்கு மேல் ஆகும். பந்து காற்றில் இருக்கும் அந்த நேரத்துக்குள் தாமதத்தைக் கரைத்துவிடலாம். ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும்தான் பந்தைத் தொடுகிறார். யாரும் யார்மீதும் மோதுவதில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் நண்பன் நம் கண்ணுக்குக் கொஞ்சம் பழையவன்தான், ஆனால் அது நமக்குத் தெரிவதில்லை. டென்னிஸ், பேட்மின்டனுக்கும் இதே நியாயம். கிரிக்கெட்டில் பந்து வீசுபவருக்கும் அடிப்பவருக்கும் இடையிலும் அப்படியே: மணிக்கு 130 கிலோமீட்டர் வேகப் பந்து பிட்சைக் கடக்க ஏறக்குறைய அரை நொடி ஆகிறது. ஆனால் கிரிக்கெட்டில் வேறு சிக்கல் உண்டு. ஹெட்செட் மாட்டிக்கொண்டு லாங் ஆனில் முக்கால் மணி நேரம் சும்மா நிற்க யார் சம்மதிப்பார்கள்? அதனால்தான் ஐபி கிரிக்கெட் போன்ற விஆர் கிரிக்கெட் ஆட்டங்கள் பேட்டிங்கையே மையமாக வைத்துக்கொள்கின்றன.

எங்கள் வாலிபாலை எந்தப் பக்கம் சேர்ப்பது? வலை இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வாலிபாலில் சிக்கல் எதிரணியோடு இல்லை, சொந்த அணியோடுதான். பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் கையை விட்டு அது கிளம்பும் முன்பே ஸ்மாஷ் அடிப்பவன் எகிறியிருப்பான். வேகமான தாக்குதலின் உயிரே அந்த ஒத்திசைவுதான். இருவருக்கும் நடுவில் பத்தில் ஒரு நொடி நுழைந்தால் அடிப்பவனுக்குப் பந்து எப்போதும் தப்பிய இடத்தில்தான் கிடைக்கும். வலையோரத்தில் நாலு கைகள் ஒன்றாக எழும் பிளாக்கும் அப்படியே. மெதுவாக, உயரமாகத் தூக்கி ஆடினால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் நாங்கள் தேடியது அந்த ஆட்டம் இல்லை.

ஹெட்செட்டுக்குள் இரண்டு மாதம்

நான் அதிகம் ஆடியது லெவன் டேபிள் டென்னிஸ். 2016இல் வந்த விளையாட்டு. பந்தின் சுழற்சியை இவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் போடும் விஆர் ஆட்டம் வேறொன்றை நான் ஆடிப் பார்த்ததில்லை. ஹெட்செட் வைத்திருக்கும் நண்பன் ஒருவன்தான் எதிரில். மூன்றாவது கேம், 9–8. ஒரு நீண்ட ரேலி முடிந்து மூச்சு வாங்கியது. வழக்கம்போல இடது கையை மேசைமேல் ஊன்றிச் சாய்ந்தேன். அங்கே மேசை இல்லை. முழங்கால் தரையில் இடிக்க விழுந்து எழுந்தால், எதிர்ப்பக்கம் சரியாக அவன் நிற்கும் இடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். "மேசை எங்கடா போச்சு?" ஒலி திசை தவறாமல் வந்ததுதான் அந்த நேரத்தில் இன்னும் கடுப்பேற்றியது.

ஆனால் அதே ஆட்டத்தில் வேறொன்றும் நடந்தது. சாதாரண ஹெட்செட்டுக்குத் தெரிவது தலையும் இரண்டு கைகளும் மட்டுமே. எதிரில் நிற்பது முகமே இல்லாத ஒரு பொம்மை: ஒரு தலை, ஒரு மட்டை. அது சர்வீஸ் போடும் முன் தலையை இடப்பக்கம் ஒருமுறை சாய்த்து, பந்தைக் கையில் ஒருமுறை எடை பார்த்தது. வாலிபாலில் சர்வீஸ் போடும் முன்னும் அவன் செய்வது அதுதான். பேர் எழுதி ஒட்டாமலே தெரிந்திருக்கும். பத்து வருடம் பக்கத்தில் நின்று பார்த்த உடம்பு அது. வீடியோ அழைப்பிலோ திரை விளையாட்டிலோ இது கிடைக்காது. ஹெட்செட்டுக்குச் சாதகமாக என்னிடம் இருக்கும் பெரிய வாதம் இதுதான். அது எந்த விளம்பரப் பட்டியலிலும் இருக்காது.

பாதகங்கள் அன்றாடத் தொல்லைகள். 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலி இடம் வேண்டும். ஹெட்செட்டுக்குள்ளேயே எல்லைக் கோட்டை வரைந்துகொண்டால் அதை நெருங்கும்போது கண்முன் வலைபோல ஒன்று தோன்றி எச்சரிக்கும். நான் கோட்டைப் புத்தக அலமாரிக்கு நாலு விரற்கடை தள்ளி வரைந்திருந்தேன். ஃபோர்ஹேண்ட் ஸ்மாஷ் அடித்தபோது வலை தோன்றியது, கை நிற்கவில்லை. மூன்று விரல் முட்டிகளில் தோல் போனது. அலமாரியிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளி வரையுங்கள். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் எடை 515 கிராம், அதுவும் பெரும்பாலும் முகத்தின் முன்பக்கத்தில். பேட்டரி இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்கு முன்பே கழுத்து விடைகேட்டுவிடும். வியர்வையில் முகப் பஞ்சு ஊறிவிடும், துடைத்தெடுக்கக்கூடிய சிலிக்கோன் உறை தனியாக வாங்கிவிடுவது நல்லது.

கால் இல்லாத உலகம்

ஹெட்செட்டுக்குத் தலையும் கையும்தான் தெரியும் என்றேன். கால் எங்கே இருக்கிறது என்பதை அது பெரும்பாலும் ஊகிக்கத்தான் செய்கிறது. ஆகவே கால்பந்து ஆசையில் வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். கால்பந்து கிளப்புகளுக்குப் பயிற்சி மென்பொருள் தரும் ரெஸில் நிறுவனம் காலிலும் உணரிகளைக் கட்டித்தான் வேலையை முடிக்கிறது. வீட்டு ஹெட்செட்டில் கிடைக்கும் கால்பந்து பெரும்பாலும் கோல்கீப்பராக நின்று தடுப்பது, தலையால் முட்டுவது என்ற அளவில் நின்றுவிடும்.

அடுத்தது ஓட்டம். கூடைப்பந்து மைதானம் 28 மீட்டருக்கு 15 மீட்டர். உங்கள் அறை அதில் ஒரு மூலை. கையில் பிடித்திருக்கும் கருவியின் குச்சியைக் கட்டைவிரலால் தள்ளி ஓட வேண்டும். கண் "ஓடுகிறோம்" என்கிறது, உள்காது "நிற்கிறோம்" என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு குமட்டும். ஜிம் கிளாஸ் என்ற கூடைப்பந்து ஆட்டத்தில் பந்தைத் தட்டுவதும் கூடையில் எறிவதும் நன்றாகவே இருக்கிறது. நானோ இருபது நிமிடத்தில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் இப்படி ஆகாது, பழகப் பழகக் குறையும் என்றும் சொல்கிறார்கள். ஆனால் ஆறு பேரில் ஒருவருக்குக் குமட்டினாலும் அணி ஐந்துதான்.

விஆரில் நன்றாக அமைந்த அணி ஆட்டங்களைப் பார்த்தால், இந்தக் கால் சிக்கலோடு மல்லுக்கட்டாமல் அதைச் சுற்றிப் போனவைதான். 2021இல் வந்த கொரில்லா டேக்-இல் காலே கிடையாது, கையை ஊன்றி ஊன்றித் தாவ வேண்டும். அதற்கு முன்பே 2017இல் வந்த எக்கோ அரீனா ஆட்டத்தையே ஈர்ப்பு விசை இல்லாத விண்வெளிக்குக் கொண்டுபோய்விட்டது. சுவரைப் பிடித்து உந்தி மிதக்க வேண்டும், தட்டை எறிந்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், வளையத்துக்குள் போட்டால் புள்ளி. பாஸ், தடுப்பு, வியூகம் எல்லாம் இருந்தன. நிஜத்தில் இல்லாத ஒரு விளையாட்டுக்கு நிஜமான அணிகளும் லீக்குகளும் உருவாயின.

அந்த மைதானம் இப்போது இல்லை. 2023 ஆகஸ்ட் 1 அன்று மெட்டா அதன் சர்வர்களை மூடியது. ஹெட்செட் அவரவர் வீட்டில், அணியும் அப்படியே, ஆட இடம் மட்டும் இல்லை. ஒரு ஆட்டத்தை நம்பி ஆறு ஹெட்செட் வாங்குமுன் நான் தயங்கியது இந்த இடத்தில்தான். புல் மைதானத்தில் வலை கிழிந்தால் வேறு வலை கட்டிக்கொள்ளலாம். இதில் சாவி வேறொருவர் கையில். ஆகவே ஒரே ஆட்டத்துக்காக வாங்காதீர்கள்; உங்கள் அணிக்குப் பிடித்த ஆட்டங்கள் இரண்டு மூன்றாவது அந்த ஹெட்செட்டில் ஓட வேண்டும்.

திரை போதும் என்பவர்கள்

கால்பந்து அணிக்காரர்கள் என்னிடம் கேட்டால், தயங்காமல் திரை விளையாட்டுக்கே போகச் சொல்வேன். ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற கால்பந்து விளையாட்டின் கிளப்ஸ் பிரிவில் ஒரு பக்கம் பதினோரு பேர்வரை, ஆளுக்கொரு வீரராக ஆடலாம். தற்காப்பு வீரராக இருந்தவர் தற்காப்பிலேயே நிற்கலாம், ஏறிப் போனவனைத் திட்டலாம். ராக்கெட் லீக் 2015இலிருந்து இருக்கிறது. கார்களை வைத்துக் கால்பந்து, பக்கத்துக்கு மூன்று பேர், ஐந்தே நிமிடம். 2020இலிருந்து இலவசம். ஐந்து நிமிடம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒருவருக்குக் காலை, இன்னொருவருக்கு நடுராத்திரி என்று இருக்கும் அணிக்கு "ஒரே ஒரு மேட்ச்" என்று சொல்லி உட்கார வைக்க முடிகிறது.

இணையத் தாமதம் இங்கேயும் அதேதான். ஆனால் உடம்பு அதற்குள் இல்லாததால் அவ்வளவு உறுத்துவதில்லை. மென்பொருள் அடுத்த நொடியை ஊகித்துக் காட்டுகிறது. ஊகம் தப்பினால் கார் கொஞ்சம் துள்ளும், நம் கையும் தோளும் ஏமாறுவதில்லை. சர்வரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எல்லோருக்கும் நடுவில் இருக்கும் பிராந்தியத்தை எடுத்தால் தாமதம் பங்குபோடப்படும். யாரோ ஒருவருக்குப் பக்கத்தில் எடுத்தால் அவர் மட்டும் வாரா வாரம் ஹீரோ.

குறை தெரிந்ததுதான். வியர்க்காது. ஒரு மணி நேரம் ஆடி முடித்தபின் உடம்பு சோபாவில் பதிந்தபடியே இருக்கும். நடுவே எழும் கத்தலும் "பாஸ் குடுடா" என்ற அலறலும் மட்டும் அசல்.

வியர்வைதான் வேண்டும் என்றால்

சைக்கிள்காரர்கள் பாக்கியசாலிகள். 2014இல் தொடங்கிய ஸ்விஃப்ட் (Zwift) என்ற செயலியில் வீட்டுக்குள் நிறுத்திய சைக்கிளை மிதித்தால் திரையில் உங்கள் உருவம் ஓடும். இங்கே இணையத் தாமதம் பெரிதாகத் தொந்தரவே செய்வதில்லை, ஏனென்றால் சைக்கிள்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போய்விடும். ஆனால் முன்னால் போகிறவரின் நிழலில் ஒட்டிக்கொண்டு போனால் நிஜச் சாலையைப் போலவே உழைப்பு குறையும். அணியாகச் சேர்ந்து ஓட்ட அதுவே போதும்: ஒருவர் இழுக்க மற்றவர் ஒட்ட, பிறகு முறை மாற. 2020 ஜூலையில் தொழில்முறை அணிகள் மெய்நிகர் டூர் டி பிரான்ஸை இதில்தான் ஓட்டின. அதே வருடம் டிசம்பரில் சர்வதேச சைக்கிள் சங்கம் தன் முதல் மின்விளையாட்டு உலகச் சாம்பியன் போட்டியையும் இதில் நடத்தியது. செலவு என்று பார்த்தால் நான்கு வழிகளில் பெரும்பாலும் இதுதான் அதிகம். ஸ்மார்ட் டிரெய்னர் (சைக்கிளைப் பொருத்தி, மிதிப்பதை அளந்து செயலிக்கு அனுப்பும் கருவி), சைக்கிள், மாதச் சந்தா மூன்றும் வேண்டும். பந்து கிடையாது. பந்தோடு வளர்ந்த அணிக்கு இது ஒத்துவராது.

நான்காவது வழிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கு அவரவர் நேரத்தில் ஓடி, வாரக் கடைசியில் கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்வது. காசு செலவில்லை, நேர மண்டலத் தொல்லையும் இல்லை. எங்கள் குழுவில் மூன்று வாரம் நடந்தது. நாலாவது வாரம் ஒருவன் பேருந்தில் போன தூரத்தையும் சேர்த்துவிட்டான் என்று சண்டை வந்து நின்றுபோனது.

நாங்கள் எடுத்த முடிவு

இவ்வளவையும் குழுவில் போட்டேன். நீளமாக எழுதிவிட்டதால் இரண்டு பேர் படிக்கவே இல்லை என்பது பதில்களிலிருந்து தெரிந்தது. கடைசியில் நாலு பேர் ஹெட்செட் வாங்கினோம். கழுத்து வலிக்காரன் ஒருவன் முடியாது என்றுவிட்டான். இன்னொருவன், "சண்டே ராக்கெட் லீக்னா வர்றேன், தலையில பெட்டி எல்லாம் மாட்ட மாட்டேன்" என்றான். சரி, இரண்டும் இருக்கட்டும் என்று முடிவானது.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வாலிபாலைத் தேடுவதை விட்டுவிட்டோம். டேபிள் டென்னிஸில் அணிப் போட்டி என்பது ஏற்கெனவே உண்டு. உலக அணிச் சாம்பியன் போட்டிகளில் ஒற்றையர் ஆட்டங்களை வரிசையாக ஆடித்தான் அணியின் வெற்றி தோல்வி முடிவாகிறது. அதையே சுருக்கிக்கொண்டோம். இரண்டு அணி, அணிக்கு இரண்டு பேர். ஒவ்வொருவரும் எதிரணி இருவரோடும் ஒருமுறை ஆட வேண்டும். மொத்தம் நாலு ஆட்டம். ஆடுகிறவனின் ஹெட்செட் காட்சியை அவன் வீட்டுக் கணினியில் ஓடவிட்டு, வீடியோ அழைப்பில் எல்லோருக்கும் காட்டுகிறோம். காத்திருப்பவன் ஓரத்திலிருந்து கத்தலாம். நின்ற இடத்தில் ஆடுவதால் எனக்குக் குமட்டலும் இல்லை. கழுத்து வலிக்காரன் நடுவர்.

2–2 என்று வந்தால் மொத்தப் புள்ளிகளைக் கூட்டி வெற்றியை முடிவு செய்வது விதி. போன வாரம் 2–2 வந்தது. எதிரணி மூன்று புள்ளி முன்னால் என்று நடுவர் அறிவித்தான். என் கணக்கில் இரண்டு புள்ளி நாங்கள் முன்னால். அவனைத் தாளைப் படமெடுத்துப் போடச் சொல்லியிருக்கிறோம், இன்னும் போடவில்லை.